தாத்தா விட்டுப்போன சீனச் சுருள்: வரைந்தவர் யாரென்று யாரிடம் கேட்பது?

எங்கள் வீட்டு மர அலமாரியில் ஒரு சீனச் சுருள் ஓவியம் நாற்பது வருடத்துக்கு மேல் கிடந்தது. தாத்தா பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு சீனரின் அரிசிக் கடையில் கணக்கு எழுதியவர். கடையை மூடியபோது தவுக்கே, அதாவது கடை முதலாளி, கையில் கொடுத்து அனுப்பியது என்று அப்பா சொல்வார். விரித்தால் மசியில் வரைந்த ஒரு குதிரை பாய்ந்து வரும். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு வரிசை எழுத்து, அதன் அடியில் இரண்டு சிவப்பு முத்திரை. அப்பா போன பிறகு சுருள் என்னிடம் வந்தது.

வரைந்தவர் யார் என்பதில் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகமே இல்லை. மசியில் ஓடும் குதிரை என்றால் ஷு பெய்ஹோங்தான். 1895-ல் பிறந்து 1953-ல் மறைந்த அந்த ஓவியர் பினாங்குக்கு வந்ததும் உண்மைதான். சீனாவும் ஜப்பானும் போரிட்டுக்கொண்டிருந்த வருடங்களில், நிவாரண நிதி திரட்ட அவர் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கண்காட்சி நடத்தினார். 1941-ல் கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று சுற்றினார். அதற்கு முன்பு தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதனுக்கும் போய்வந்தார். அதனால் மலாயாவில் ஒரு பழைய வீட்டில் அவருடைய குதிரை இருப்பது நடக்காத காரியம் இல்லை. பெரியப்பா மகன், என் அண்ணன், ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “உடனே ஹாங்காங் ஏலத்துக்கு அனுப்புடா தம்பி.”

நான் உடனே அனுப்பவில்லை. யாரிடமெல்லாம் கேட்கலாம், யார் எதற்குப் பதில் சொல்வார்கள் என்று ஒன்றரை வருடம் அலைந்தேன். இதேபோல் ஒரு சுருளைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கு அந்த அலைச்சல் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கேள்வி ஒன்றல்ல, இரண்டு

‘யார் வரைந்தது’ என்று கேட்கும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறோம். ஓவியத்தில் எழுதியிருக்கும் பெயர் யாருடையது என்பது ஒன்று. அந்தப் பெயருக்கு உரியவரின் கைதான் இதை வரைந்ததா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் சில நாட்களில், செலவே இல்லாமல் பதில் கிடைக்கும். இரண்டாவதில் பெரிய அருங்காட்சியகங்களே தடுமாறியிருக்கின்றன.

1957-ல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், பத்தாம் நூற்றாண்டு ஓவியர் குவான் தோங்கின் படைப்பு என்று ஒரு சுருளை வாங்கியது. அது இருபதாம் நூற்றாண்டின் ஜாங் தாச்சியென் வரைந்த போலி என்பது பிறகு தெரியவந்தது. ஜாங் தாச்சியென் சாதாரண ஆள் அல்ல. தன் பெயரில் வரைந்ததற்கே உலகப் புகழ் பெற்றவர். பழைய மேதைகளின் கையைத் தன் கையில் வரவழைக்கத் தெரிந்தவர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் தோங் யுவான் பெயரில் இருக்கும் ‘ஆற்றங்கரை’ ஓவியத்தைப் பற்றி 1999-ல் ஒரு கருத்தரங்கமே நடந்தது. அது ஆயிரம் வருடப் பழசு என்று ஒரு தரப்பும், ஜாங் தாச்சியென் வேலை என்று இன்னொரு தரப்பும் வாதாடின.

இதோடு இன்னொரு விஷயமும் இருக்கிறது. சீன ஓவிய மரபில் பழையவர்களைப் பார்த்து வரைவது ஒரு குற்றமே இல்லை. சங்கீதத்தில் குருவின் பாணியை அப்படியே பாடிப் பழகுவதுபோல அங்கே அதுதான் படிப்பு. அப்படி வரைந்தவர் தன் பெயரோடு, இன்னாரைப் பின்பற்றி வரைந்தேன் என்றும் ஓரத்தில் எழுதிவைப்பார். இந்தப் பழக்கம்தான் எங்கள் சுருளில் எங்களைத் தடுக்கி விழவைத்தது.

கைபேசியும் பக்கத்து வீட்டு ஆசிரியரும்

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கைபேசியில் படம் எடுத்துத் தேடினேன். வரிசையாக ஷு பெய்ஹோங் குதிரைகள் வந்தன. மசிக் குதிரை எதைக் காட்டினாலும் அவைதான் வரும் என்று பிறகு புரிந்தது, ஏனென்றால் இணையத்தில் அவருடைய குதிரைகள்தான் அதிகம். படத் தேடல் எது எதைப் போல இருக்கிறது என்று சொல்லும், அவ்வளவுதான். மொழிபெயர்ப்புச் செயலியில் எழுத்து வரிசையைக் காட்டினேன். பாதி எழுத்து பிடிபடவில்லை. ஆனால் நடுவில் இரண்டு எழுத்தைத் தெளிவாகப் படித்தது: ‘பெய்ஹோங்’. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பெரியவரிடம் சுருளைக் கொண்டுபோனேன். சீனப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், தூரிகை எழுத்துப் பழக்குபவர். மேசையைத் துடைத்து, கை கழுவிவிட்டு வந்து, தாளைத் தொடாமல் விரலைக் காற்றில் ஓட்டியபடியே படித்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு தாளில் பிரித்து எழுதிக் கொடுத்தார். வருடம், பருவம். பிறகு ஒரு பெயர், அதோடு ‘சியான்ஷெங்’, அதாவது ஐயா. பிறகு ‘ஃபாங் பெய்ஹோங்’ என்று தொடங்கும் ஒரு தொடர், அதாவது பெய்ஹோங்கின் தூரிகைப் போக்கைப் பின்பற்றி. கடைசியில் இன்னொரு பெயர், வரைந்தேன் என்ற வினை.

ஒரே வரிசையில் மூன்று பெயர்கள் இருந்தன. முதல் பெயர் ஓவியத்தைப் பெற்றுக்கொண்டவர், எங்கள் தாத்தாவின் தவுக்கே. இரண்டாவது, யாரைப் பார்த்து வரைந்தாரோ அவர். மூன்றாவதுதான் வரைந்தவர். கைபேசி நடுப்பெயரை மட்டும் பிடித்து எங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

இந்த இரண்டு வழிகளையும் ஒப்பிட்டால் என் மனதில் சந்தேகமே இல்லை: முதலில் போக வேண்டியது எழுத்தைப் படிக்கத் தெரிந்த மனிதரிடம்தான். சீனம் தெரிந்த யாராக இருந்தாலும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. சுருள்களில் இருப்பது பழைய முழு வடிவ எழுத்து, அதுவும் ஓட்டமாகச் சேர்த்து எழுதியது. சுருக்க எழுத்தில் மட்டுமே படித்த இளைஞர்கள் பலர் திணறுவார்கள். தூரிகை எழுத்துப் பழகியவர்களைத் தேடுங்கள். மலேசியா, சிங்கப்பூர்க்காரர்களுக்கு இது கஷ்டமில்லை. இந்தியாவில் இருப்பவர்களுக்கு, சாந்திநிகேதனில் 1937-ல் தொடங்கிய சீன பவனம் இன்றும் இருக்கிறது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் சீன மொழித் துறை உண்டு. நல்ல படமும் மரியாதையான ஒரு கடிதமும் அனுப்பிப் பார்க்கலாம்.

நல்ல படம் என்றால் முழுச் சுருளையும் காட்டும் ஒன்று, எழுத்து வரிசைக்குக் கிட்டத்தில் ஒன்று, ஒவ்வொரு முத்திரைக்கும் நேர் எதிரே நின்று எடுத்த ஒன்று. சுருட்டிய நிலையில் வெளிப்பக்கம் தெரியும் ஒட்டுச் சீட்டு, உருளையின் இரண்டு முனைகள், பின்பக்கம் ஆகியவையும் வேண்டும். வெளிச்சீட்டைப் பலர் படம் எடுப்பதே இல்லை. அதில்தான் சில சமயம் ஓவியர் பெயரும் தலைப்பும் தெளிவான எழுத்தில் இருக்கும்.

நீங்களாகவே ஓரளவு பார்த்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். நம் ஊரில் ஒருவர் தன் புத்தகத்தைக் கையெழுத்திட்டுக் கொடுக்கும்போது ‘நண்பர் இன்னாருக்கு’ என்று மேலே எழுதி, தன் பெயரைக் கீழே போடுவார் இல்லையா? சுருளிலும் அநேகமாக அப்படித்தான். மரியாதைச் சொல்லோடு வரும் பெயர் பெற்றவருடையது. முத்திரைக்கு ஒட்டி, வரிசையின் கடைசியில் வருவது வரைந்தவருடையது. ஓவியத்தின் கீழ் மூலையில் தனியாக ஒரு முத்திரை இருந்தால் அது பெயராக இல்லாமல் ஒரு கவிதை வரியாகவோ விருப்பமான வாசகமாகவோ இருக்கலாம். ஃபூ பாவ்ஷி என்ற ஓவியரின் ஒரு முத்திரையில் ‘பெரும்பாலும் போதைக்குப் பின்’ என்றுதான் இருக்கும்.

வருடம் தமிழர்களுக்கு எளிது

இந்த ஒரு இடத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சீனர்களும் அறுபது வருடச் சுற்றில்தான் காலத்தை எழுதினார்கள். பிரபவ, விபவ என்று எண்ணிப் பழகிய நமக்கு இதைப் புரியவைக்கவே வேண்டாம். தாத்தா ஜாதகத்தில் ‘விஷு’ என்று இருந்தால் அது 1941-ஆ 2001-ஆ என்று ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சுருளிலும் அதே சிக்கல்தான். எங்கள் சுருளில் இருந்தது ‘ஸின்-ஸி’ வருடக் கோடை. அது 1881, 1941, 2001 மூன்றில் ஒன்று. ஷு பெய்ஹோங்கைப் பின்பற்றி 1881-ல் யாரும் வரைந்திருக்க முடியாது. 2001-ல் தாத்தாவும் இல்லை, கடையும் இல்லை. ஆக 1941. அந்த வருடம்தான் ஷு பெய்ஹோங் பினாங்கில் கண்காட்சி நடத்தினார். டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். நடுவில் அந்தக் கோடை.

வருடப் பெயரின் முதல் எழுத்து பத்தில் ஒன்று. அது ஆங்கில வருடத்தின் கடைசி இலக்கத்தைச் சொல்லிவிடும். ஜியா என்றால் 4, யீ 5, பிங் 6, டிங் 7, வூ 8, ஜி 9, கெங் 0, ஸின் 1, ரென் 2, குய் 3. சில சுருள்களில் சீனக் குடியரசு ஆண்டு இருக்கும். அதோடு 1911-ஐக் கூட்டினால் போதும்.

சிலர் தங்கள் வயதை எழுதுவார்கள். அதை வைத்துக் கணக்குப் போடும்போது நிதானம் வேண்டும். பிறந்த அன்றே ஒரு வயது என்று எண்ணுவது அவர்கள் வழக்கம். 1864-ல் பிறந்த ஓவியர் சி பைஷிக்கு ஒரு சோதிடர் எழுபத்தைந்தாம் வயதில் கண்டம் என்று சொல்லிவிட்டார். 1937-ல் அவர் அந்த வயதைத் தாண்டிக் குதித்து எழுபத்தேழு என்று எழுத ஆரம்பித்தார். கடைசிவரை அந்த இரண்டு வருடக் கூடுதல் நின்றது. இது தெரியாமல் வயதும் வருடமும் பொருந்தவில்லை என்று ஒரு நல்ல ஓவியத்தைப் போலி என்று தள்ளிவிடலாம்.

முத்திரையை ஒப்பிடுவது

பெயர் தெரிந்த பிறகுதான் இணையமும் நூலகமும் உதவும். ஆர்ட்ரான் என்ற சீனத் தளத்தில் ஏலத்துக்கு வந்த ஓவியங்களின் பெரிய தொகுப்பு இருக்கிறது. ஷாங்காய் அருங்காட்சியகம் 1987-ல் ஓவியர்களின் முத்திரைகளையும் கையொப்பங்களையும் திரட்டி இரண்டு தொகுதியாக வெளியிட்டது. பெரிய நூலகங்களில் பார்க்கலாம்.

ஒரு ஓவியருக்குப் பெயர் ஒன்றோடு நிற்காது. பெற்றோர் வைத்த பெயர், பெரியவரானதும் சூட்டிய பெயர், தானே வைத்துக்கொண்ட புனைபெயர்கள், ஓவியக்கூடத்தின் பெயர் என்று நீளும். கனகசுப்புரத்தினம்தான் பாரதிதாசன் என்று தெரியாத ஒருவர் நம் கவிதைகளைத் தேடினால் எப்படியிருக்கும்? அதே நிலைதான். சி பைஷி என்ற பெயருக்குப் பதிலாக ‘ஹுவாங்’ என்றோ ‘ஜியேஷான்’ என்றோ கையெழுத்து இருக்கும். ஜாங் தாச்சியென்னின் கூடத்துப் பெயர் ‘தாஃபெங்தாங்’. கைபேசியில் ஒரு பெயரை மட்டும் அடித்துத் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று கைவிடக் கூடாது.

முத்திரை பொருந்திவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். படத்தைப் பார்த்து அச்சு அசலாகச் செதுக்க இன்று எந்தத் தடையும் இல்லை. ஓவியர் இறந்த பின்னும் அவருடைய உண்மையான கல் முத்திரை யார் கையிலாவது இருக்கும். பொருந்தினால் ‘இருக்கலாம்’ என்று எடுத்துக்கொள்ளலாம். தெரிந்த எந்த முத்திரையோடும் பொருந்தாவிட்டால்தான் அது கனமான சாட்சி.

ஓவியம் ஒட்டுபவர்

எனக்கு அதிகம் பயன்பட்ட இரண்டாவது ஆள், சுருள்களைப் பட்டும் தாளும் வைத்து ஒட்டிக் கட்டும் தொழிலாளி. வரைந்தவர் யார் என்று அவர் சொல்லமாட்டார். சொல்லவும் கேட்கக் கூடாது. ஆனால் இது கையால் வரைந்ததா, அச்சா என்பதை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். பரம்பரையாக வந்த சுருள்களில் அச்சுப் பிரதிகள் ஏராளம். சாதாரண அச்சு என்றால் நகைக்கடை லென்ஸில் பார்த்தாலே வரிசையான சிறு புள்ளிகள் தெரியும். அதை நீங்களே வீட்டில் பார்த்துவிடலாம்.

மரக்கட்டை அச்சு வேறு கதை. பெய்ஜிங்கின் ரோங்பாவ்ஜாய் போன்ற கூடங்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கட்டை செதுக்கி, அதே மசி, சீன ஓவியர்கள் வரையும் அதே ஷுவான் தாளில் அடித்தெடுக்கும். புள்ளியே இருக்காது. தன் இறால் ஓவியத்தையும் அதன் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது சி பைஷியே எது எதுவென்று சொல்ல முடியாமல் நின்றார் என்று ஒரு கதை சொல்வார்கள். இங்கேதான் பழகிய கண் வேண்டும். ஒரு தூரிகை வீச்சின் மேல் இன்னொரு வீச்சு ஏறும் இடத்தில் மசி எப்படி ஊறியிருக்கிறது என்பதை அவர் லென்ஸ் வைத்துக் காட்டினார். எங்கள் குதிரையின் பிடரியில் அந்த ஏற்றம் இருந்தது. வால் ஒரே வீச்சு, நடுவில் தூரிகை காய்ந்து தாள் வெளுத்துத் தெரிந்தது. இது கையால் வரைந்ததுதான் என்றார்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஒட்டுபவரின் வருமானம் புதிதாக ஒட்டுவதில் இருக்கிறது. பழைய துணி நைந்திருக்கிறது, மாற்றிவிடலாம் என்று நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார். வரைந்தவர் யாரென்று தெரியும்வரை ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய பட்டு, வெளிச்சீட்டு, உருளை முனை எல்லாம் சாட்சிகள். பழுப்பேறிய பழைய தாளை உரித்துவிட்டால் அது திரும்பி வராது. இன்னொன்று, ஷுவான் தாளில் அடுக்குகள் உண்டு. திறமைசாலி ஒருவர் மேலடுக்கைப் பிரித்து, மசி ஊறிய கீழடுக்கை இன்னொரு ‘ஓவியமாக’ ஆக்கிவிட முடியும். யாரென்று தெரியாதவரிடம் சுருளை விட்டுவிட்டு வராமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏல நிறுவனம்

சோத்பீஸ், கிறிஸ்டீஸ், போன்ஹாம்ஸ் போன்றவை இணையத்தில் படம் அனுப்பினால் கட்டணம் இல்லாமல் மதிப்பீடு சொல்கின்றன. அங்கே இருப்பவர்கள் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுருள் பார்க்கிறவர்கள், கண் கூர்மையானது. ஆனால் அவர்கள் பதில் சொல்லும் கேள்வி வேறு: இதை எங்கள் ஏலத்தில் விற்க முடியுமா? முடியாது என்று வந்தால் அது போலி என்று அர்த்தமல்ல. அந்த ஓவியருக்கு அங்கே வாங்குபவர்கள் இல்லை என்பதாகவும் இருக்கலாம். பெரிய பெயராக இருந்தால் இந்த வழியை விட்டுவிடக் கூடாது. ஒன்றுக்கு இரண்டு நிறுவனத்திடம் தனித்தனியாகக் கேளுங்கள். பதிலில் வரும் சொற்களை உன்னிப்பாகப் படியுங்கள். இன்னார் வரைந்தது, இன்னார் வரைந்ததாகக் கருதப்படுவது, இன்னார் பாணியில் என்ற மூன்றுக்கும் நடுவே விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

ஏலத்தில் விற்றதாலேயே உண்மை என்றும் ஆகிவிடாது. சீனாவின் ஏலச் சட்டம் 61-ஆம் பிரிவில், உண்மைத்தன்மைக்கு உத்தரவாதம் தர முடியாது என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் ஏல நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று இருக்கிறது. 2011-ல் சி பைஷியின் கழுகு ஓவியம் ஒன்று பெய்ஜிங்கில் 42.55 கோடி யுவானுக்கு ஏலம் போனது. அது உண்மைதானா என்று கேள்வி கிளம்பி, பணம் கட்டுவதே தகராறானது. 2017-ல் அவருடைய பன்னிரண்டு நிலக்காட்சிகள் 93.15 கோடி யுவானைத் தொட்டன. இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் போலி எப்படி இல்லாமல் இருக்கும்? குவாங்சோ நுண்கலைக் கல்லூரியில் நூலகத் தலைவராக இருந்தவர் 140-க்கு மேற்பட்ட ஓவியங்களை எடுத்துக்கொண்டு, தானே வரைந்த பிரதிகளை அங்கே வைத்த வழக்கு 2015-ல் நீதிமன்றத்துக்கு வந்தது. எடுத்தவற்றில் 125 ஓவியங்களை ஏலத்திலேயே விற்றிருந்தார். தான் வைத்த போலியையும் யாரோ எடுத்துக்கொண்டு வேறு போலி வைத்ததைப் பார்த்ததாக அவரே சொன்னார்.

சுருளை நாடு விட்டு நாடு அனுப்பும் முன் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். இந்தியாவில் நூறு வருடம் தாண்டிய ஓவியம் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், தனியார் வெளியே அனுப்ப முடியாது. சீனாவும் ஷு பெய்ஹோங், ஃபூ பாவ்ஷி போன்றவர்களின் ஓவியங்கள் நாட்டை விட்டுப் போகத் தடை வைத்திருக்கிறது. பெய்ஜிங்குக்குக் கையில் எடுத்துப்போய்க் காட்டிவிட்டு வரலாம் என்று கிளம்புபவர்கள், நுழையும்போதே சுங்கத்தில் பதிவு செய்யாவிட்டால் திரும்பும்போது மாட்டிக்கொள்வார்கள்.

ஆய்வகம், சான்றிதழ்

ஆய்வகத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கார்பன் சோதனை தாளின் வயதைச் சொல்லும், கையின் பெயரைச் சொல்லாது. அதிலும் சுமார் 1650 முதல் 1950 வரைக்குமான காலத்தில் அந்தச் சோதனை தெளிவான வருடத்தைத் தருவதில்லை. வீடுகளில் இருக்கும் சுருள்களில் அநேகமானவை இந்தக் காலத்துக்குள்தான் வரும். பழைய தாளைத் தேடி எடுத்து அதில் புதிதாக வரைவதும் பழைய வித்தை. இருட்டறையில் புற ஊதா விளக்கை அடித்துப் பார்ப்பது மலிவு, அதில் ஒரு பயன் உண்டு. தாள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் வெளுப்பு ரசாயனம் சேர்த்த தாள், அதாவது 1950-ஐ ஒட்டியோ பிறகோ செய்தது. ஒளிராவிட்டால் அதிலிருந்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

பணம் வாங்கிக்கொண்டு உண்மைச் சான்றிதழ் தருபவர்களிடம் போகாதீர்கள். எனக்கும் ஒருவர் வலை விரித்தார். சுருளைப் பார்க்காமலேயே, கைபேசிப் படத்தை மட்டும் வைத்து, ஷு பெய்ஹோங் என்றே எழுதித் தருவதாகச் சொன்னார். ‘பின்பற்றி’ என்று எழுதியிருக்கிறதே என்று கேட்டபோது, அந்தப் பகுதி தெரியாதபடி மரச்சட்டம் போட்டுவிடலாம் என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. 1941-ல் ஒருவர் தன் பெயரை நேர்மையாக எழுதிவைத்திருக்கிறார், அதை மறைத்துவிடச் சொல்கிறார்கள்.

சின்னப் பெயராக இருந்தால்

எங்கள் சுருளில் இருந்த மூன்றாவது பெயர் எந்த ஏலத் தொகுப்பிலும் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் சுருளை மறுபடி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் தேடல் சூடுபிடித்தது.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அந்தக் காலத்தில் வரைந்தவர்கள் பலர் ஆசிரியர்கள். சிங்கப்பூர் ஐம்பது வெள்ளி (டாலர்) நோட்டின் பின்பக்கம் இரண்டு வாலில்லாக் குரங்குகள் கொடியில் தொங்குமே, அதை வரைந்த சென் வென் சி, 1938-ல் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகத்தில் பாடம் நடத்தியவர்தான். இப்படிப்பட்டவர்களைத் தேட ஹாங்காங் எதற்கு? உள்ளூர்ச் சீனப் பள்ளிகளின் ஆண்டு மலர்கள், குலச் சங்கங்களின் நினைவு மலர்கள், பழைய நாளிதழ்கள் ஆகியவைதான் இடம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் 1923 முதல் வந்த நன்யாங் சியாங் பாவ் போன்ற சீன நாளிதழ்களையும் தேடலாம். ஆசிரியர் எழுதிக் கொடுத்த எழுத்துகளை அப்படியே இட்டுத் தேட வேண்டும். ஒலியை வைத்துத் தேடினால் கிடைக்காது, ஒரே எழுத்து ஹொக்கியன் பேச்சில் ஒரு மாதிரியும் மாண்டரின் பேச்சில் ஒரு மாதிரியும் ஒலிக்கும்.

ஏழு மாதத்துக்குப் பிறகு ஒரு பள்ளியின் ஆண்டு மலரில் அந்தப் பெயர் கிடைத்தது. ஓவிய ஆசிரியர். அவர் குடும்பத்தார் இருக்கிறார்கள், அதனால் பெயரை இங்கே எழுதவில்லை.

அவர் கைதானா என்ற இரண்டாவது கேள்விக்கு என்ன பதில் என்று அண்ணன் கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு பள்ளி ஆசிரியரின் பெயரைப் போட்டு யார் போலி செய்வார்கள்? அதில் காசு இல்லை. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்பதெல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. பெயர் சின்னதாக இருந்தால் அந்த இரண்டு கேள்விகளும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. பெயர் பெரிதாக ஆக ஆகத்தான் அவற்றுக்கு நடுவில் இடைவெளி விழுகிறது, அந்த இடைவெளியில்தான் நிபுணர்களுக்கும் ஆய்வகத்துக்கும் வேலை.

அதனால் உங்கள் சுருளுக்கு என்னைக் கேட்டால், லென்ஸை வைத்து அச்சா என்று முதலில் பாருங்கள். பிறகு எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர். வந்த பெயர் பெரியது, குடும்பத்துக்கு வந்த வழியும் சொல்லத் தெரிகிறது என்றால் இரண்டு ஏல நிறுவனம். பெயர் சின்னது என்றால் உள்ளூர் நூலகம், பள்ளி. அருங்காட்சியகத்தாரிடம் விலை கேட்காதீர்கள், அதை அவர்கள் சொல்வதில்லை. இந்த ஓவியரைப் பற்றி ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டால் ஆர்வத்தோடு பதில் எழுதுகிறார்கள். சுருளை அதுவரை பருத்தித் துணியில் சுற்றி, சுவரில் மாட்டாமல், ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் ஒட்டு நாடா மட்டும் வேண்டவே வேண்டாம்.

அந்தப் பள்ளிக்கு எங்கள் சுருளின் படங்களை அனுப்பினேன். அவருடைய வேறு ஓவியம் ஒன்று பழைய கட்டடத்து மாடியில் மாட்டியிருந்ததாக நினைவிருக்கிறது, தேடிப் பார்க்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். கிடைத்தால் அடுத்த மாதம் சுருளை எடுத்துக்கொண்டு போய் இரண்டு முத்திரைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம். அண்ணனும் வருகிறார்.